முதல் தட்டு

அந்த அக்கா எப்போதும் முதலில் சாப்பிட்டுவிடுவாள். மெஸ் நடத்துகிறவள். பசியோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் ஒரு தட்டை எடுத்து வைத்து, சோறு, குழம்பு, கூட்டு, ரசம், மோர் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் தின்பாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அதற்குப் பிறகும் எங்களுக்குச் சோறு வராது.

"இரிங்க, இரிங்க. இப்பத்தான உள்ள போயிருக்கு" என்பாள்.

நான் அப்போது பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தாராவியில் அக்காவின் வீட்டுக்கு எதிரே, இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒரு மாடி அறையில் இன்னும் ரெண்டு பெண்களோடு தங்கியிருந்தேன். அறையில் அடுப்பு வைக்க இடம் கிடையாது. இருந்திருந்தாலும் எனக்குச் சமைக்கத் தெரியாது. கடை பக்கம்தான் என்பதால் மத்தியானமும் வந்து அக்காவிடமே சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். பசி வந்தால் எனக்கு மரியாதை போய்விடும். முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"எக்கா, நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் காசு குடுக்கிறவங்க உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"பாக்கத்தான் செய்யணும் பிள்ள. அதுக்குத்தான உங்க முன்னால உக்காந்து தின்னுதேன்" என்றாள். கோபப்படவில்லை. இன்னொரு வாய் ரசம் குடித்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. குள்ளம். ரெண்டு மூக்கிலும் மூக்குத்தி. குரல் மட்டும் ஆளை விடப் பெரியது. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மூக்குதான். எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் மூடியை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு இழு இழுப்பாள். பால் பாக்கெட்டை வெட்டினதும் மோந்து பார்ப்பாள். தேங்காய் வாங்கப் போனால் கடையிலேயே உடைத்து மோந்து பார்ப்பாள். சரியில்லை என்றால் கடைக்காரன் மூக்குக்கு நேரே நீட்டுவாள். கறி, மீன் பக்கமே போகமாட்டாள். "அத வச்சுப் போட்டேன்னா எனக்கு ஒறக்கம் வராது" என்பாள். பக்தி எல்லாம் இல்லை, பயம்தான்.

மிச்சம் இருந்தால் சாயங்காலமே கொட்டிவிடுவாள். யாராவது இல்லாதவனுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு தடவை வாட்ச்மேன் மாமா சொன்னார். மாட்டுங்காவில் ஒரு பில்டிங்கில் வாட்ச்மேனாக இருந்த பெரியவர். மெஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து அங்கேதான் சாப்பாடு. ஒண்டிக்கட்டை, சுகர் வேறு. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன், அவனுக்கு மட்டும் வயித்த இரும்புல செஞ்சு விட்டிருக்கா மாமா?"

இந்த முதல் தட்டு விவகாரம் எங்கள் சந்துப் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. புருஷன் தோல் பட்டறையிலிருந்து களைத்து வந்து மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்க, பெண்டாட்டி அவர் கண்ணெதிரே தின்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஊரிலிருந்து வந்த அவள் மாமியார், இருந்த நாள் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்துவிட்டு ரயிலேறினாளாம். அக்காவின் புருஷன் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் எதற்குமே ஒன்றும் சொல்லமாட்டார்.

எனக்கு யாரையும் சீக்கிரம் பிடித்துவிடாது. அக்காவை எனக்குப் பிடித்தது ஒரு மழை நாளில். கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதற்காக முதலில் சாப்பிடுகிறீர்கள் என்று அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

"சமைச்சவ கடைசியில தின்னா மிச்சம் மீதியத்தான் தின்னுவா. அவளுக்கு என்ன தெரியும், ஊருக்கு என்னத்த வச்சோம்னு? மொதல்ல தின்னணும்னா பயம் இருக்கும் பாத்துக்க. பயந்து சமைச்சா வயித்துக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள். பிறகு நான் நறுக்கியதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, ஆளுக்கொரு சைசுல" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

செம்பூரில் ஒரு கம்பெனிக்குத் தினமும் காலை டிபன் வேண்டும் என்று ஒருவர் தேடி வந்தார். இட்லி, வடை, சட்னி. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற போக்கில் அவர் கேட்டார், "ஃபுட் லைசென்ஸ் இருக்குல்ல? அது இல்லாம எங்க ஆபீஸ்ல பில் பாஸ் ஆகாது."

அன்று மத்தியானம் மெஸ்ஸில் அதுதான் பேச்சு. "சைவத்துக்கு எதுக்கு லைசென்ஸ்? கறி மீன் போடுதவனுக்குத்தான் அதெல்லாம்" என்றார் வாட்ச்மேன் மாமா. "வீட்டுல வச்சுச் செய்யுததுக்கு எந்த ஊர்லயும் கேக்க மாட்டான். நான் இத்தனை காலமா முறுக்கு விக்கேன், எவன் கேட்டான்?" என்றாள் பக்கத்து வீட்டு முறுக்கு மதினி. பட்டறைக்காரர் ஒருவர், ஒரு தடவை எடுத்துவிட்டால் ரேஷன் கார்டு மாதிரி சாகிற வரைக்கும் போதும் என்றார். நான் என் பங்குக்கு, அதிகாரிகள் வந்து சாப்பாட்டை பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் லேபில் பரிசோதிப்பார்கள் என்று அடித்துச் சொன்னேன். எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒருவரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாய்தான் சந்தில் எல்லோருக்கும் இந்த மாதிரி வேலை முடித்துக் கொடுப்பவர். காயல் பக்கத்து ஆள், நல்ல மனுஷர். அக்காவின் போட்டோவையும் ஆதார் கார்டையும் வாங்கி, விண்ணப்பத்தில் அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஆபீசர் எப்ப பாய் வருவாவ?"

"வந்தாலும் வருவாங்க, வராமலும் இருப்பாங்க. சின்ன யாவாரத்துக்கு முக்காவாசி இதுலயே வந்துரும்."

அக்காவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது. மறுநாளிலிருந்து ஆபீசருக்காகச் சமைக்க ஆரம்பித்தாள். அண்டா குண்டானெல்லாம் புளி போட்டு விளக்கினாள். தினம் ஒரு பாயசம். புதிதாக வாங்கின எவர்சில்வர் தட்டு ஒன்று ஆபீசருக்கென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கும். அவர் வராததால் பாயசம் எங்களுக்கு வரும். அவர் வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு.

கடைசியில் ஒரு மத்தியானம் பாய்தான் வந்தார், பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட்டோடு. அவர் அதை நீட்டுவதற்குள் அக்கா அவரைப் பிடித்து உட்கார வைத்து, ஆபீசருக்கு வைத்திருந்த தட்டில் எல்லாவற்றையும் பரிமாறிவிட்டாள். பாய் சந்தோஷமாகச் சாப்பிட்டார். பாயசம் ரெண்டு தடவை வாங்கிக்கொண்டார். கையைத் துடைத்துவிட்டு, "ஒரு குறையும் சொல்றதுக்கு இல்ல அக்கா" என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் தின்றதும் கொடுத்ததும் அக்காவின் மனசில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அரசாங்கமே ஒரு ஆளை அனுப்பித் தின்று பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தது என்று ஆகிவிட்டது. பாய் ஜெராக்ஸ் கடைக்காரர்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவியதான கொண்டாந்து குடுத்தாவ? தின்னுட்டுத்தான குடுத்தாவ?" என்றாள்.

சர்டிபிகேட் சாமி படங்களுக்கு நடுவே ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டுப் பூ. முறுக்கு மதினி ஒருநாள் சர்க்கரைக் கடன் கேட்கிற மாதிரி வந்து நின்றாள்.

"உன் லைசென்ஸ் நம்பரக் கொஞ்சம் குடு மதினி. என் பாக்கெட்லயும் ஒட்டிக்கிடுதேன்."

அக்கா கொடுக்கவில்லை. அது தப்பு என்பதால் இல்லை. "ரெண்டு பேருக்குப் பிரிச்சா பலம் கொறஞ்சு போவும்லா" என்றாள் என்னிடம்.

சர்டிபிகேட் வந்த மறுநாள் நாங்கள் போய் உட்கார்ந்ததும் தட்டு நேரே எங்கள் முன்னால் வந்தது. அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எக்கா, உங்க தட்டு எங்க?"

"இனிமே எனக்கு எதுக்குட்டி? கவர்மென்டே தின்னு பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டான்லா. நீங்க சாப்பிடுங்க, நான் கடைசியில தின்னுக்கிடுதேன்."

எல்லோருக்கும் சந்தோஷம். காத்திருக்க வேண்டாம், சோறும் சூடாக இருந்தது. சந்துப் பெண்கள், இப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்திருக்கிறது என்றார்கள். அக்காவும் மாறிப்போனாள். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது நின்றது. தேங்காய்க் கடைக்காரனோடு சண்டை நின்றது. மிச்சமிருந்தால் மூடி வைத்தாள். முகத்தில் ஒரு தெளிச்சல் வந்திருந்தது. "இப்பத்தான் பிள்ள நான் நல்லா ஒறங்குதேன்" என்று ஒருநாள் சொன்னாள். அவளைப் பயமில்லாமல் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது. பயத்திலேயே ஒருத்தி எத்தனை காலம் சமைப்பாள்?

அது மழை ஆரம்பிப்பதற்கு முந்தின நாட்கள். பம்பாயில் அப்போது காற்றே ஈரத் துணியாக இருக்கும். கம்பெனிக்காக விடியுமுன்னே அரைத்த தேங்காய்ச் சட்னி. அன்றைக்கு அங்கே ஏதோ விசேஷம் என்று பாதி டிபனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செம்பூருக்குப் போய் வெயிலில் நின்று திரும்பி வந்த சட்னியில் அக்கா கொஞ்சம் தயிரைக் கலந்து, இன்னொரு தடவை தாளித்துக் கொட்டி, மத்தியானச் சாப்பாட்டோடு எங்களுக்கு வைத்தாள். முந்தின அக்காவாக இருந்தால் ஒரு இழுப்பில் கண்டுபிடித்திருப்பாள். எங்களுக்கோ தாளிதத்தின் வாசனைதான் தெரிந்தது. ருசியாக இருந்ததால் எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கடைசியில் அக்கா உட்கார்ந்தபோது சட்னிப் பாத்திரம் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. அவள் ரசம் விட்டுச் சாப்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் எனக்கு ஆரம்பித்துவிட்டது. கடையிலிருந்து எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. சந்தில் பொதுக் கக்கூஸ் வாசலில் மெஸ்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். மத்தியானம் தட்டுக்காக உட்கார்ந்திருந்த அதே ஆட்கள். வாட்ச்மேன் மாமாவால் அந்த வரிசையில் நிற்கக்கூட முடியவில்லை. அக்காவின் புருஷன் பிடித்துக்கொண்டிருந்தபோதே கண் செருகிச் சாய்ந்துவிட்டார். கைவண்டியில் படுக்க வைத்து மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்து டாக்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். என் ஏணியில் ஏறி வந்து ஒரு தம்ளர் கொடுத்தாள். நான் குடித்ததும் கீழே போகாமல் ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிறு எப்படி இருக்கிறது என்று நான்தான் அவளைக் கேட்டேன். அவ்வளவுதான், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே பிள்ள. எல்லாரும் படுத்துக் கெடக்கீங்க. சமைச்சவ நான் மட்டும் கல்லு மாதிரி இருக்கேனே. எனக்கு மட்டும் ஒண்ணும் செய்யலையே."

என் வயிற்று வலியைவிட அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், உணவுத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மராட்டிக்காரர், குரலை உயர்த்தாதவர். அக்காவுக்கு ஹிந்தி தகராறு என்பதால் நான்தான் நடுவில் நின்று சொன்னேன். சர்டிபிகேட் காலாவதி ஆகியிருக்கும், இல்லாவிட்டால் பாய் போலியாகக் கொடுத்திருப்பார் என்று சந்து முழுக்கப் பேச்சு. அதிகாரி அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்டார். சாமி படங்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிக்கிழமைக் குங்குமம் திட்டாக அப்பியிருந்தது. அதிகாரி கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். தன் போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"சரியாக இருக்கிறது. ஒழுங்கான சர்டிபிகேட்தான்."

என்றைக்கும் பேசாத அக்காவின் புருஷன் அன்று பேசினார். "பேப்பர் சரியா இருக்குன்னா, தப்பு நம்மளது இல்லையேம்மா?"

நான் அதை ஹிந்தியில் சொன்னேன். அதிகாரி அக்காவிடம் திரும்பிச் சொன்னார். உங்கள் சாப்பாட்டை நாங்கள் தின்றும் பார்க்கவில்லை, சோதித்தும் பார்க்கவில்லை. இன்ன இடத்தில் இன்னார் சமைத்து விற்கிறார் என்று எங்களிடம் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான் இது. சுத்தமாகச் சமைப்பேன் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். வாக்குக் கொடுத்தது நாங்கள் இல்லை, நீங்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதில் இருந்ததோ இங்கிலீஷ்.

"நான் குடுத்த வாக்கையா நானே சாமி பக்கத்துல வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

அதிகாரி போகும்போது, அக்கா முன்பெல்லாம் முதல் தட்டைத் தானே சாப்பிடுவாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். ருசி பார்ப்பது நல்லதுதான்; ஆனால் கெட்டது உள்ளே போய் வேலையைக் காட்ட மணிக்கணக்கில் ஆகும், கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் எதுவும் தெரியாது என்றார். அதையும் அக்காவுக்குச் சொன்னேன். அவள் முகம் இன்னும் சுருங்கிப்போனது.

தண்ணீர்த் தொட்டி, மேடை, வடிகால் என்று சொன்னதையெல்லாம் சரிசெய்யும்வரை அடுப்பை மூடச் சொல்லியிருந்தார்கள். செம்பூர் ஆர்டர் போய்விட்டது. எல்லாம் முடிந்து மெஸ்ஸைத் திறந்த அன்று ஒருவரும் போகவில்லை. நானும் ரொட்டியும் வாழைப்பழமும்தான் தின்றேன். அக்கா வாசலில், சந்தில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி உட்கார்ந்து, தட்டில் எல்லாவற்றையும் போட்டுத் தின்றாள். தின்றுவிட்டு அங்கேயே இருந்தாள். சாயங்காலம் அண்டாவைக் கவிழ்த்துக் கொட்டினாள். அடுத்த நாளும் அதேதான். இப்படியே போனால் அறைக்கு வாடகை கொடுக்க முடியாது, ஊருக்கே போய்விட வேண்டியதுதான் என்று அவள் புருஷன் முறுக்கு மதினியிடம் சொல்லியிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் வாட்ச்மேன் மாமா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறார். பாதி ஆளாகியிருந்தார், சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. நாங்கள் ஏணியிலும் வாசல்களிலும் நின்று பார்த்தோம். அக்கா தின்றுகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே போய், வழக்கமான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தட்டப் போடு."

"இரிங்க மாமா. இப்பத்தான உள்ள போயிருக்கு."

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"ஆபீசரம்மா மணிக்கணக்கா ஆவும்னு சொன்னாவ."

"அதுவரைக்கும் பசி தாங்க மாட்டேன். சுகர்காரன் நான். மயங்கி விழுந்தா திரும்பவும் நீதான் ஆஸ்பத்திரிக்குத் தண்டம் அழணும். போடு தாயி."

அக்கா தட்டை வைத்தாள். சோறு போட்டாள். அவர் முதல் வாயை எடுத்து வைத்தார். அதற்கு மேல் என்னால் ஏணியில் நின்றுகொண்டிருக்க முடியவில்லை. இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை கழுவும்போதுதான் பார்த்தேன்: சாமி படங்களுக்கு நடுவே இருந்த சர்டிபிகேட் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கியது. குங்குமம் இல்லை.

இப்போது நான் முலுண்டில் இருக்கிறேன். ஹோட்டல்களில் கல்லாவுக்குப் பின்னால் அந்த மாதிரிக் காகிதம் சட்டம் போட்டுத் தொங்கும். என் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தைரியமாக ஆர்டர் கொடுப்பார்கள். எனக்கு மட்டும், இங்கே சமைக்கிற ஆள் எப்போது சாப்பிடுவார் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்த அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன்.

"எக்கா, தின்னு கொஞ்ச நேரத்துல ஒண்ணும் தெரியாதுன்னு அந்த அம்மாவே சொல்லிட்டாங்களே. பெறகு எதுக்கு இன்னும் மொதல்ல தின்னுதீங்க?"

அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரிஞ்சுக்கிடுததுக்கு இல்ல பிள்ள. வந்தா எனக்கும் சேத்து வரட்டும்னுதான்."

சட்னி வைக்கட்டுமா என்று கேட்டாள். வையுங்க என்றேன்.